உப்பளத்துப் பிள்ளைகளின் கதையை யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஆறு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறது உங்கள் அறக்கட்டளை. ஃபேஸ்புக் பக்கத்தில் வாரம் தவறாமல் படம் போடுகிறீர்கள். அதே நாற்பது, ஐம்பது பேர்தான் லைக் போடுகிறார்கள். ஒரு ஏஜென்சி ஐந்து நிமிட வீடியோவுக்கு எண்பதாயிரம் கேட்கிறது. அதைக் கொடுப்பதா, அந்தப் பணத்தில் நல்ல கேமரா வாங்குவதா, வைரல் ஆகிற மாதிரி கதை சொல்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவும் ஏஜென்சியும் இதில் கடைசிக் கேள்விகள் என்றே எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் வேலை செய்தும் வெளியே யாருக்கும் தெரியவில்லையே, தெரிந்தால் இன்னும் இரண்டு ஊரில் மையம் தொடங்கலாமே என்ற ஆதங்கம்தான் உங்கள் பதிவு முழுக்க இருக்கிறது. நான் பல வருடமாகச் சிறிய அமைப்புகளோடு சேர்ந்து வீடியோ எடுக்கிறேன், அவர்களுடைய பணியாளர்களுக்கு போனிலேயே எடுக்கவும் எடிட் செய்யவும் பயிற்சி கொடுக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த நாற்பது பேர். அவர்களை நீங்கள் தோல்விக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். ஆறு வருடமாக ஒருவர் உங்கள் பதிவை விடாமல் பார்க்கிறார் என்றால் அவர் உங்கள் பழைய மாணவராகவோ, தன்னார்வலரின் அண்ணனாகவோ, ஒருமுறை நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவராகவோ இருப்பார். நான் பார்த்த சிறு அமைப்புகளில் பணம் பெரும்பாலும் இப்படி முகம் தெரிந்தவர்களிடமிருந்தும், அவர்கள் கைகாட்டிய அடுத்த ஆளிடமிருந்தும்தான் வந்திருக்கிறது. ஒரு லட்சம் பேர் பார்த்த ரீல்ஸிலிருந்து ஒரு மையம் தொடங்கும் அளவுக்குப் பணம் வந்ததை நான் பார்த்ததில்லை. அதனால் உங்கள் முதல் வீடியோவை அந்த நாற்பது பேருக்காக எடுங்கள். அவர்கள் தங்கள் குடும்பக் குரூப்பிலும் அலுவலக குரூப்பிலும் கூச்சமில்லாமல் போடக்கூடியதாக எடுங்கள்.

அதற்கு ஃபேஸ்புக்கைவிட வாட்ஸ்அப்தான் வேலைக்கு ஆகும். ஆளாளுக்கு போன் செய்து, "மாதம் ஒரு வீடியோ அனுப்பலாமா?" என்று கேட்டு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) போட்டு அனுப்பினால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பல அமைப்புகள் இது தெரியாமல் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எனவே எண்ணைச் சேமிக்கச் சொல்வதும் அந்த போன் பேச்சிலேயே நடக்கட்டும். யூடியூப் உங்கள் அலமாரி. எல்லா வீடியோவும் அங்கே இருக்கட்டும், தேடி வருகிறவருக்குக் கிடைக்கும். இன்ஸ்டாகிராமில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன்னார்வலர் தேட அது நல்ல இடம். எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள், எத்தனை ஹேஷ்டேக் வேண்டும் என்றெல்லாம் அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த நிறுவனங்கள் தங்கள் கணக்கு முறையை முழுதாக வெளியிடுவதில்லை, அடிக்கடி மாற்றவும் செய்கின்றன. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அங்கே லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். தொலைபேசி எண்களின் பட்டியலும் அசல் வீடியோக்களும் உங்கள் கையில், ஒரு ஹார்ட் டிஸ்கில், தனியாக இருக்க வேண்டும்.

அப்புறம் கதை. உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று நோட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள். உதவியவரை மதிக்க வேண்டும், அதற்கு அந்தப் படங்கள் தேவை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அதில் தெரிவது ஒரு விழா நடந்தது என்பது மட்டும்தான். கதை என்றால் ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் ஏதோ ஒன்று மறிக்கிறது, அதற்கு அவர் என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். அந்த ஒருவர் உங்கள் அமைப்பாக இருக்கக் கூடாது, ஒரு மனிதராக இருக்க வேண்டும்.

உங்கள் பதிவிலேயே ஒரு வரி இருக்கிறது. வகுப்பு எடுப்பவர்களில் ஒரு பெண் உங்களிடமே படித்தவர், இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, அவர் அம்மா இன்னும் உப்பளத்து வேலைக்குப் போகிறார் என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் முதல் வீடியோ அதுதான். வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்து வேலை விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. அம்மா டார்ச் வெளிச்சத்தில் வரப்பில் நடந்து போவதில் ஆரம்பியுங்கள். பாத்தியில் உறைந்த உப்பை நீளக் கழியில் கட்டிய பலகையால் இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். அங்கே பாட்டு போடாதீர்கள், அந்தச் சத்தமே போதும். அடுத்தது சாயங்காலம் ஆறு மணி, வகுப்பு வாசலில் சின்னச் செருப்புகள். உள்ளே அந்தப் பெண் ஒரு நோட்டைப் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறார். திரையில் அவர் முகமும் ஒரு பிள்ளையின் கையும் மட்டும். பிறகு அவர் பேசுகிறார்.

அவரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "எங்கள் அறக்கட்டளை உங்களுக்கு எப்படி உதவியது?" என்று கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். "படிப்பை விட்டுவிடலாம் என்று உனக்கு எப்போதாவது தோன்றியதா? அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "எந்தப் பாடம் உனக்கு ஏறவே இல்லை?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். பதில் முடிந்ததும் ஒரு நான்கைந்து நொடி அமைதி வரும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தாங்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். காத்திருந்தால் பெரும்பாலும் அந்த அமைதிக்குப் பிறகுதான் மனசில் இருப்பது வரும். எல்லாம் சேர்ந்து இரண்டரை நிமிடத்துக்குள் முடியட்டும். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள், அதுவும் எண்ணோடு: ஒரு மையத்துக்கு ஒரு மாத வாடகை, நோட்டு, ஆசிரியரின் பஸ் செலவு சேர்த்து இவ்வளவு ஆகிறது என்று உங்கள் உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். "தாராளமாக உதவுங்கள்" என்பதைவிட அது கேட்கிறவருக்கும் கௌரவம், கொடுக்கிறவருக்கும் வசதி.

ஒரு மனிதரின் கதையா, மொத்தக் கணக்கா, எது அதிகம் நன்கொடை கொண்டுவரும் என்பதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர் இருந்தது. மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் பசி பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர். "எண்ணே போடாதே, ஒரு முகத்தைக் காட்டு" என்று நன்கொடைப் பயிற்சி வகுப்புகளில் இன்றுவரை சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் இது கல்வெட்டு இல்லை. இதே தலைப்பில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் அலசல், அந்த விளைவு இருந்தாலும் மிகச் சிறியது என்றது. 2023இல் இந்தச் சோதனையையே பெரிய அளவில் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக, ஒரு மனிதரைக் காட்டினால் பணம் கொட்டும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஒரு மனிதரின் கதையைச் சொன்னால் பார்க்கிறவருக்குப் புரிகிறது, நினைவில் நிற்கிறது என்பது என் அனுபவம். எண்ணைக் கதை முடிந்த பிறகு சொல்லலாம், ஒளித்து வைக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பல நல்ல அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான். அழுகிற முகம், கிழிந்த சட்டை, பின்னணியில் சோகப் புல்லாங்குழல் என்று எடுத்தால் பணம் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். ஒருமுறை வரவும் செய்யலாம். அந்த வீடியோ நாளைக்கு அதே தெருவில் எல்லார் போனிலும் இருக்கும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அந்த வீட்டில் கல்யாணம் பேச வேண்டும். எந்த வீடியோவையும் எடிட் செய்து முடித்ததும், வெளியிடும் முன், அதில் வருகிறவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லாமல் அவர் வீட்டில், அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து காட்டுங்கள். ஒரு அம்மாவுக்கு இப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது, பேசுவதெல்லாம் சரி என்றார். அடுப்படிச் சுவர் கரியாக இருப்பது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "பொங்கலுக்கு வெள்ளையடிச்ச பிறகு வந்து எடுங்க, அதுவரைக்கும் இதை யாருக்கும் காட்டாதீங்க" என்றார். அப்படியே காத்திருந்து எடுத்தோம். வெள்ளையடித்த சுவர் முன்னால் அவர் பேசியதில் வறுமை எங்கேயும் மறைந்துவிடவில்லை, அவரும் தலை நிமிர்ந்து பேசினார்.

பார்க்கப்படுகிறவர்களை முதல் பார்வையாளராக நினைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் உண்டு. அமெரிக்காவின் இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமைப்பு, உகாண்டாவில் பிள்ளைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியைப் பற்றி 2012 மார்ச்சில் அரைமணி நேர வீடியோ ஒன்றை வெளியிட்டது. ஆறே நாளில் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. அதே மாதம் வடக்கு உகாண்டாவின் லிரா நகரில், அந்தக் கொடுமையை அனுபவித்த மக்களுக்கே அது திரையிட்டுக் காட்டப்பட்டது. கூட்டம் கொதித்துப்போய்க் கல்லெறிந்தது. தங்கள் கதையில் தங்களைவிட அமெரிக்க இயக்குநரும் அவர் மகனும்தான் முன்னால் நிற்கிறார்கள் என்பது அவர்கள் கோபம். வைரல் என்ற சொல்லை நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது லிராதான்.

நேர் எதிரான உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே பஸ்தாபூரில் இயங்கும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியில், எழுதப் படிக்கத் தெரியாத தலித் விவசாயப் பெண்களே வீடியோ கேமராவைக் கையிலெடுத்தார்கள். அந்த அமைப்பை நடத்திய பி.வி. சதீஷ் முன்பு தூர்தர்ஷனில் தயாரிப்பாளராக இருந்தவர். கேமராவை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று திருப்பும் கோணங்களுக்கு அந்தப் பெண்கள் பண்ணையாரையும் அடிமையையும் வைத்துப் பெயர் வைத்தார்கள். பேசுகிறவரின் கண்ணுக்கு நேராக வைப்பது அவர்களுக்கு "சங்கம் ஷாட்", ஏனென்றால் சங்கத்தில் எல்லாரும் ஒரே மட்டத்தில் உட்காருகிறார்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எடுப்பவர் நின்றுகொண்டே போனைக் கீழே சாய்த்து எடுத்த படங்கள்தான் உங்கள் பக்கம் முழுக்க இருக்கின்றன. நாளை முதல் தரையில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். இதற்குப் பணம் ஆகாது, படமே வேறாகிவிடும்.

இன்னொன்று, உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் தொடங்கிய கபர் லஹரியா. கிராமத்துப் பெண்கள் நடத்தும் செய்தி நிறுவனம், அச்சிலிருந்து வீடியோவுக்கு மாறியது. அவர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருது விழாவுக்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்களே, படம் தங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது, முழு உண்மை அதுவல்ல என்று அறிக்கை விட்டார்கள். படம் எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு பல வருடம் கூடவே இருந்து எடுத்தாலும் இந்த இடைவெளி வரும் என்பதைத்தான் சொல்கிறேன்.

சம்மதம் வாங்குவதைப் பற்றி. உங்களிடம் உதவி பெறுகிற ஒருவர் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்வது சுலபமில்லை. பிள்ளையை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு மூலையில் இருக்கும். அதனால் கேட்பவர் வகுப்பு ஆசிரியராக இல்லாமல் வேறொருவராக இருக்கட்டும். மாட்டேன் என்றால் எதுவும் மாறாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடுக்கும் முன் ஒருமுறை, போட்டுக் காட்டிய பிறகு ஒருமுறை, இரண்டு தடவை கேளுங்கள். படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு, எங்கெல்லாம் இது போகும் என்று தமிழில் சொல்லி அவர் ஒப்புக்கொள்வதைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். பின்னால் எடுத்துவிடச் சொன்னால் யூடியூபிலிருந்து எடுத்துவிடலாம், வாட்ஸ்அப்பில் பரவியதைத் திரும்பப் பிடிக்க முடியாது. இதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, சட்டமும் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74இன்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலாளர் சட்டத்துக்கு மாறாக வேலை செய்த குழந்தையும் அந்த வரையறைக்குள் வரும். அதாவது "உப்பளத்தில் வேலை பார்த்த இந்தச் சிறுவனை மீட்டுப் பள்ளியில் சேர்த்தோம்" என்று பெயரும் முகமும் போட்டுப் பெருமையாக ஒரு பதிவு போட்டால், நீங்களே சட்டத்தை மீறுகிறீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை என்றால் போக்சோ சட்டம் 2012, பிரிவு 23 இதே தடையை விதிக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளிச் சீருடை, தெரு முனைக் கோயில், குரல், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகம், எது தெரிந்தாலும் ஊரில் இருப்பவருக்கு யார் என்று தெரிந்துவிடும். பெரியவர் வழியாகப் பிள்ளைகளின் கதையைச் சொல்வது நல்லது என்று நான் நினைப்பதற்கும், முதல் வீடியோவுக்கு அந்தக் கல்லூரிப் பெண்ணைச் சொன்னதற்கும் இதுவும் ஒரு காரணம். பழைய பதிவுகளையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்த்து, தேவையானதை நீக்கிவிடுங்கள். குறிப்பிட்ட ஒரு பதிவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் என் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிடுங்கள்.

நன்கொடைக்காக மட்டும்தான் வீடியோ என்றும் நினைத்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் 2006 வாக்கில் ஆரம்பித்து, பிறகு தனி அமைப்பாகிய டிஜிட்டல் கிரீன், விவசாயிகளையே வைத்து எளிய வீடியோ எடுத்து, பக்கத்துக் கிராமத்தில் கூட்டமாக உட்கார வைத்துப் போட்டுக் காட்டியது. பார்த்தவர்கள் முதலில் கேட்டது வீடியோவில் வருகிறவர் யார், எந்த ஊர்க்காரர் என்றுதான். தெரிந்த ஊர்க்காரர் என்றால் நம்பினார்கள். செலவழித்த தொகைக்கு எத்தனை விவசாயிகள் புதிய சாகுபடி முறைக்கு மாறினார்கள் என்று பார்த்தால், வழக்கமான பயிற்சியைவிடச் சுமார் 10 மடங்கு பலன் என்றது அவர்களுடைய ஆரம்ப ஆய்வு. திட்டத்தில் இருந்தவர்களே செய்த ஆய்வு என்பதால் அந்தப் பத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து ஊர்க்காரர் பேசினால் கேட்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதை வாங்கிய ஒருவரை, எந்த அலுவலகம், என்ன காகிதம், எத்தனை நடை என்று ஒன்றரை நிமிடம் பேச வைத்து உப்பளத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் விடுங்கள். நன்கொடை ஒரு பைசா வராது. ஆனால் உங்கள் போன் எண்ணைச் சேமிப்பவர்கள் கூடுவார்கள், அந்த ஊரே உங்களைத் தன் ஆளாகப் பார்க்கும்.

இனி கருவிகள். உங்களிடம் இருக்கும் போன் போதும். முதல் செலவு மைக். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கம்பி உள்ள காலர் மைக்கே பெரிய வித்தியாசம் காட்டும். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் அந்த நொடியே தள்ளிவிடுவார்கள். உப்பளம் திறந்தவெளி, கடற்காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும். பஞ்சு உறை போட்டாலும் முழுதாகப் போகாது. எனவே வேலை செய்யும் காட்சியை அங்கே எடுங்கள், பேட்டியைச் சுவர் மறைவில் எடுங்கள். நடுப்பகலில் உப்புக் குவியல் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், முகம் கறுத்துப்போகும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். போனை உப்புக் காற்றில் வெகுநேரம் வெளியே வைக்காதீர்கள், சார்ஜ் போடும் துளையை முடித்ததும் துடைத்துவிடுங்கள். பேசுவதைத் திரையில் எழுத்தாகவும் கட்டாயம் போட வேண்டும். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் சத்தமில்லாமல்தான் பலர் பார்க்கிறார்கள். தானாக எழுத்துப் போடும் வசதி தூத்துக்குடிப் பேச்சைத் தாறுமாறாக எழுதிவைக்கும், வரி வரியாகத் திருத்துங்கள். ஆனால் அவர் பேச்சு வழக்கைப் புத்தகத் தமிழாக மாற்றிவிடாதீர்கள். சினிமாப் பாட்டு போட்டால் யூடியூப் கண்டுபிடித்து முடக்கவோ விளம்பரம் போடவோ செய்யும். இசை வேண்டுமென்றால் யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் எடுங்கள். ஏஐ செய்து தரும் படங்களும் குரலும் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. உண்மையான மனிதர்களின் கதையில் அவற்றை வைக்காதீர்கள். ஒரே ஒரு படம் பொய் என்று தெரிந்தால், ஆறு வருட வேலையையும் சந்தேகப்படுவார்கள்.

பணம் வரத் தொடங்கினால் கணக்கும் அதே வேகத்தில் இருக்க வேண்டும். 2014இல் ஐஸ் பக்கெட் சேலஞ்ச் (தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் சவால்) மூலம், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்கு ஒரே கோடைக்காலத்தில் 11.5 கோடி டாலர் வந்தது. அவர்களே அடுத்த ஆண்டு அதைத் திரும்ப நடத்தியபோது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படிப்பட்ட மழையை நம்பித் திட்டம் போட முடியாது. மாதம் 500 ரூபாய் தருகிற இருபது பேர்தான் ஒரு மையத்தைத் தொடர்ந்து நடத்துவார்கள். அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் என்ன ஆனது என்று ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள். இதை எந்த ஏஜென்சியும் உங்களுக்குச் செய்து தராது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) உங்களுக்கு இருந்தால், நன்கொடை விவரத்தை வருமான வரித் துறையில் தாக்கல் செய்து நன்கொடையாளருக்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் அவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீடியோ சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் போகும், "ஊருக்கு நாங்களும் தருகிறோம்" என்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் அங்கே சம்பாதித்த தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. க்யூஆர் கோடைத் திரையில் போட்டுவிட்டு யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல் இருப்பது ஆபத்து. பெயரும் போன் எண்ணும் கேட்கும் ஒரு படிவத்துக்கு இணைப்புக் கொடுங்கள், உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

சரி, எண்பதாயிரத்துக்கு வருகிறேன். ஏஜென்சிக்கு வேண்டாம், கேமராவும் வேண்டாம். மைக், ட்ரைபாட், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குள் முடியும். மீதியில், வகுப்பு எடுக்கும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளில் எடுக்க ஆர்வமுள்ள ஒருவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து இந்த வேலையை ஒரு வருடம் ஒப்படையுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள், தேர்வு வந்ததும் நின்றுவிடும். மாதம் ஒரு வீடியோ போதும். உப்பளக் காட்சிகளைச் செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். பருவமழை வந்துவிட்டால் பாத்தியில் வேலை நின்றுவிடும். மழை மாதங்களில் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கூடுகிறார்களா குறைகிறார்களா என்று வருகைப் பதிவேட்டை வைத்து இந்த வருடமே கணக்கெடுத்து வையுங்கள். ஆறு வருடப் பதிவேடு உங்களிடம் இருக்கும் என்றால் அதை இப்போதே எடுத்துப் பாருங்கள், இரண்டாவது வீடியோ அதிலிருந்து வரும் என்று நினைக்கிறேன்.